இடிக்கப்போகிற வீட்டுக்கு எந்தக் கமெரா?

அன்புள்ள அக்கா,

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சுன்னாகத்தில் நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டை விற்றாயிற்று. வாங்கியவர்கள் வைகாசிக்குப் பிறகு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அதையும் ஊரில் மிஞ்சியிருக்கிற இப்படியான வீடுகளையும் வடிவாகப் படமெடுத்து வைக்க ஆசை. சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்துச் சேர்த்த கொஞ்சக் காசு இருக்கிறது. கனன் 1300டி-ஐ இரண்டு லென்ஸோடு சேர்த்து வாங்கு என்கிறான் நண்பன். பெரிய சென்சர் வைத்த ஃபுல் ஃப்ரேம் கமெரா இல்லாவிட்டால் காசு வீண் என்கிறார் ஸ்ரூடியோ வைத்திருக்கும் அண்ணா ஒருவர். உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். காலமே முடிந்தது, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்கு என்கிறார் இன்னொருவர். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது தானே வாங்கி வருவதாகக் கனடா மாமா சொல்கிறார். எதை வாங்குவது?

ச., சுன்னாகம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் முழுக்கக் கமெராதான், ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசித்தது வைகாசி என்ற அந்த ஒரு வரியைத்தான். மாமா வைகாசி கழிந்து நடக்கிற நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து இறங்கும்போது வீடு இருக்காது. ஆகவே முதல் முடிவு தானாகவே வந்துவிடுகிறது: கமெராவை இங்கேயே, இப்போதே, பாவித்ததாகப் பார்த்து வாங்குங்கள். மாமா ஏதாவது கொண்டுவரத்தான் வேண்டும் என்று நின்றால் ஒரு நல்ல லென்ஸ் கொண்டுவரட்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது, நீங்கள் என்ன எடுக்கப்போகிறீர்கள் என்பது. உங்களுக்கு யோசனை சொன்ன மூவரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கலியாணவீடும் சாமத்தியவீடும் எடுக்கிற ஒருவருக்கு ஃபுல் ஃப்ரேம் உதவும், ஏனென்றால் அங்கே ஆட்கள் அசைகிறார்கள், வெளிச்சம் போதாது, நிறுத்தி எடுக்க நேரமில்லை. வீடு அசையாது. ட்ரைபொட்டில் கமெராவை வைத்து ஐ.எஸ்.ஓ. 100-இல் (ஒளியுணர்வைக் குறைத்து), எஃப் 8-இல் (லென்ஸின் துளையைச் சுருக்கி), ஷட்டரை ஒரு செக்கனோ இரண்டு செக்கனோ திறந்து வைத்தால் சிறிய சென்சர் உள்ள சாதாரண ஏ.பி.எஸ்-சி கமெராவும் அதோடு சேர்ந்து வருகிற கிட் லென்ஸும் எடுத்துத் தருகிற படம் சுவரளவு பெரிதாக அச்சடித்தாலும் நிற்கும். அந்த அண்ணா தன் தொழிலுக்குச் சரியானதைச் சொன்னார், உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

1300டி-யும் இரண்டு லென்ஸும் பற்றி. இப்படிச் சேர்த்து விற்கிற பொதியில் பெரும்பாலும் 18-55உம் 75-300உம் இருக்கும் (எண் குறைந்தால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், கூடினால் தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும்). நாற்சார் வீட்டுக்குள் 75-300-ஐ வைத்து என்ன செய்வீர்கள்? தாழ்வாரத்தில் நின்று எதிர்ப்பக்கத் தூணின் தலையை மட்டும் எடுக்கலாம். அந்த லென்ஸில் கைநடுக்கத்தைக் குறைக்கிற வசதியும் கிடையாது. முதல் கமெரா வாங்குகிறவர்களுக்கு எல்லோரும் சொல்கிற 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸையும் இப்போதைக்கு நான் சொல்ல மாட்டேன். முகம் எடுக்க அது அருமையான லென்ஸ், விலையும் குறைவு, ஆனால் ஏ.பி.எஸ்-சி கமெராவில் அது நிக்கோனில் 75 போலவும் கனனில் 80 போலவும் பார்க்கும், ஓர் அறையின் இரண்டு மூலையும் ஒரே படத்தில் விழாது. உங்களுக்கு வேண்டியது 18-55 லென்ஸின் 18 முனை. அதுதான் வீட்டுக்குள் வேலை செய்யும்.

கனனா நிக்கோனா என்று வந்தால் பொதுவாக நான் யாரோடும் வாதிடுவதில்லை, கையில் எது வசதியோ அதை வாங்கச் சொல்லிவிடுவேன். உங்கள் விடயத்தில் மட்டும் நிக்கோன் என்று துணிந்து சொல்கிறேன், அதற்கு நடுமுற்றம்தான் காரணம். முற்றத்தில் வெயில் கொட்டுகிறது, நாலு அடி தள்ளித் தாழ்வாரத்தில் நிழல், அதற்கும் உள்ளே சாமியறை வாசல் கறுப்பு. இவை எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும். முற்றம் வெளிறிப்போகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால் உள்பக்கம் இருண்டுவிடும், பிறகு கணினியில் அந்த இருட்டை மேலே ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும்போது 1300டி, 700டி போன்ற 18 மெகாபிக்சல் கனன்களில் இருட்டான இடங்களில் புள்ளியும் கோடுமாக இரைச்சல் வந்துவிடுகிறது. அதே காலத்து 24 மெகாபிக்சல் நிக்கோன்களில் இருட்டுக்குள் கிடந்த மரவேலை கூட மெல்ல எழும்பி வரும். கமெராவே சுருக்கித் தருகிற ஜேபெக்கில் இது நடக்காது, சென்சர் பதிந்ததை அப்படியே வைக்கிற 'ரா' கோப்பாக எடுத்தால்தான்.

ஆகவே நான் தேடச் சொல்வது 2013-இல் வந்த நிக்கோன் டி5300. திரை வெளியே திரும்பும், கமெராவைத் தரையோடு வைத்துக் கூரையைப் பார்க்கும்போது நீங்கள் குப்புறப் படுக்கத் தேவையில்லை. ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவுகளில் தானாக எடுக்கிற வசதியும் உண்டு. அது கிடைக்காவிட்டால் 2012-இல் வந்த டி3200 போதும், அதே 24 மெகாபிக்சல்தான், அந்த மூன்று படத்தை நீங்களே கையால் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். டி3200 என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: லென்ஸில் ஏ.எஃப்-பி என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள், இந்த உடலில் அது ஃபோகஸ் செய்யாது. ஏ.எஃப்-எஸ் என்று எழுதிய 18-55 வேண்டும்.

மிரர்லெஸ் பற்றி அவர் சொன்னது உண்மைதான். கனனும் நிக்கோனும் புதிய வேலையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதனால்தான் பழைய டி.எஸ்.எல்.ஆர். உங்கள் கைக்கெட்டுகிற விலைக்கு இறங்கியிருக்கிறது. 2022-இல் ரூபா விழுந்த பிறகு புதிய கமெராவின் விலையை இங்கே ஒரு மாணவர் நினைத்தும் பார்க்க முடியாது. ஸ்ரூடியோக்காரர் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது விற்கிறதை நீங்கள் வாங்குங்கள்.

ஆனால் அப்படி விற்கப்படுகிற கமெரா எத்தனை கலியாணவீடு பார்த்தது என்று தெரிய வேண்டும். நிக்கோன் தான் எடுத்த படத்தின் எண்ணிக்கையைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். கடையிலேயே ஒரு படம் எடுத்து, உங்கள் மெமரி காட்டில் கொண்டுவந்து, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்றில் திறந்தால் ஷட்டர் எண்ணிக்கை தெரியும். டி5300-இன் ஷட்டரை ஒரு லட்சம் தடவைக்குச் சோதித்ததாக நிக்கோன் சொல்கிறது. நாற்பதாயிரத்துக்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம், எண்பதாயிரம் என்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். பிறகு எஃப் 22-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சரில் தூசி, அதைத் துடைக்கலாம், பயமில்லை.

பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு. எங்கள் ஊரில் கமெராவைக் கொல்வது ஷட்டர் இல்லை, மாரிகாலம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்தால் போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கத்தால் சரித்துச் சரித்துப் பாருங்கள். தனித்தனித் தூசித் துணிக்கைகள் எல்லா லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து கிளை விட்டு ஏதாவது ஓடினால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். வாங்கிய பிறகும் தோல் பையிலோ உடுப்பு அலுமாரியிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அதற்குள் நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் முள் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

காசைப் பிரிக்கும்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடலுக்கும் லென்ஸுக்கும் போகவிடாதீர்கள். மிச்சத்தில் ஆடாத ட்ரைபொட் ஒன்று (பாரமாக இருந்தால் நல்லது, காற்றுக்கு நடுங்குகிற மெல்லிய கால் வேண்டாம்), இரண்டாவது பற்றரி, இரண்டு மெமரி காட், அந்தப் பெட்டி. கையில் பிடித்து எடுக்கலாம் என்று ட்ரைபொட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்த வேலையில் கமெராவை விட அதுதான் முக்கியம்.

எடுக்கிற நேரம் விடியப்புறம். சூரியன் ஓட்டுக்கு மேலே ஏற முன்னர் முற்றத்தில் வானத்து வெளிச்சம் மட்டும் இருக்கும், தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும் இடையில் வித்தியாசம் குறைவு. மந்தாரமான நாள் என்றால் பகல் முழுக்க எடுக்கலாம். தாழ்வாரத்து மூலையில் ட்ரைபொட்டை நெஞ்சு உயரத்தில் வைத்து, லென்ஸை 18-இல் விட்டு, கமெராவை மேலேயும் கீழேயும் சரிக்காமல் நேராகப் பிடியுங்கள். சரித்தால் தூண்கள் எல்லாம் ஒன்றை நோக்கி ஒன்று சாயும். திரையில் கட்டம் போட்டுத் தூணை அந்தக் கோட்டோடு பொருத்துங்கள். லென்ஸில் கைநடுக்கத்தைக் குறைக்கிற வி.ஆர். பொத்தானை நிறுத்திவிடுங்கள், ட்ரைபொட்டில் அது தேவையில்லை. டைமரைப் போட்டுக் கையை எடுங்கள், பொத்தானை அமத்துகிற அசைவே படத்தைக் கெடுக்கும். பிறகு எதிர் மூலை, பிறகு மற்ற இரண்டு. அதற்குப் பிறகுதான் கிட்டப் போக வேண்டும்: கதவு நிலையில் செதுக்கிய பூ, கூரையைத் தாங்குகிற பனஞ்சலாகை சுவரில் வந்து இருக்கிற இடம், மழைநீர் ஓடுகிற பீலி, சுண்ணாம்புக் காரை உதிர்ந்து உள்ளே கல் தெரிகிற துண்டு, வெளியே கூரை வைத்த வாசலான சங்கடப்படலை இன்னும் நின்றால் அது. ஒவ்வோர் அறையும் என்ன அறை, யார் பிறந்தது, நெல் எங்கே கிடந்தது என்று அம்மம்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் வரைபடம் கீறி எழுதி வையுங்கள். அது இல்லாமல் படம் மட்டும் இருந்தால் இருபது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறவருக்கு எல்லாக் கதவும் ஒரே கதவுதான்.

கமெரா கிடைக்கும் வரைக்கும் சும்மா இருக்காதீர்கள். உங்கள் போனின் சாதாரண லென்ஸ் பார்க்கிற அகலமும் 18 எம்.எம். பார்க்கிற அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வெளிப்பக்கத்தைப் பகலில் அதிலேயே திருத்தமாக எடுக்கலாம். இந்தச் சனிக்கிழமையே போய் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று போனில் எடுத்துப் பாருங்கள். வாங்கியவர்களிடமும் ஒரு சொல் கேட்டு வையுங்கள், ஓடு கழற்றுகிற நாளைச் சொல்லச் சொல்லி. ஓட்டைக் கழற்றிவிட்டால் கூரைமரம் முழுக்க வெளிச்சத்தில் தெரியும், அப்படியொரு படத்தை வேறெந்த நாளும் எடுக்க முடியாது.

டி5300 ஏதாவது கண்ணில் பட்டால் விலை, ஷட்டர் எண்ணிக்கை, டோர்ச் அடித்தபோது லென்ஸ் எப்படி இருந்தது என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அன்றைக்கே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா