காப்பகக் கட்டணம் யார் கணக்கில்?

வணக்கம். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். நான் தொடங்கிவைத்த ப்ராஜெக்ட் இப்போது வேறொருவர் கையில். "கைக்குழந்தையோடு உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்" என்று மேலாளர் அன்பாகத்தான் சொன்னார். வீட்டிலோ, குழந்தைக் காப்பகக் கட்டணம் போக என் சம்பளத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான், பேசாமல் வேலையை விட்டுவிடு என்கிறார்கள். கணவரும் இதே துறைதான். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையை விட்டுவிட்டு ஓடுகிறேனோ என்ற உறுத்தல் வேறு. என்ன செய்வது?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். காப்பகக் கட்டணத்தை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறார்கள்? உங்கள் கணவர் சம்பளத்தில் கழித்துப் பார்த்து, "நீ வேலையை விடு" என்று யாராவது அவரிடம் சொன்னார்களா? எப்படிக் கழித்தாலும் வீட்டுக்கு வரும் மொத்தம் ஒன்றுதானே என்பார்கள். இந்த மாதத்துக்கு அது சரி. ஆனால் காப்பகச் செலவு சில ஆண்டுகளில் முடிந்துவிடும். சம்பள உயர்வு, அனுபவம், ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் வேலையில் இருப்பவருக்குத்தான் வளரும். விட்டுவிட்டுப் பிறகு திரும்பினால் விட்ட இடம் காலியாக இருக்காது.

மேலாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களைக் கேட்காமல் உங்களுக்காக முடிவெடுத்திருக்கிறார். அயர்லாந்தில் 1973 வரை அரசு ஊழியரான பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டாக வேண்டும் என்று விதியே இருந்தது. அந்த மாதிரி விதிகள் போய்விட்டன. அதே வேலையை இப்போது அக்கறை செய்கிறது. விதியென்றால் எதிர்த்து வழக்காவது போடலாம், அக்கறையை என்ன செய்வது?

2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர். இன்றைய சம்பள இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான், அதுவும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் பெரிதாக விரிகிறது என்று காட்டினார். எந்த நேரம் கூப்பிட்டாலும் வருகிறவருக்கு, வேலை பார்த்த மணிக்கணக்கையும் மீறிய சம்பளம் கிடைக்கிறது. ஒருவர் அப்படி ஓட வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டில் நின்றாக வேண்டும். நிற்பது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது மாறவே மாறாதா? கோல்டினும் இன்னொரு பொருளாதார அறிஞரான லாரன்ஸ் காட்ஸும் அமெரிக்க மருந்தாளுநர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். முன்பு மருந்துக்கடை பெரும்பாலும் தனிநபர் சொத்து. முதலாளியே நாள் முழுக்க நிற்க வேண்டும். பிறகு சங்கிலிக் கடைகளும் மருத்துவமனைகளும் மருந்தாளுநர்களை வேலைக்கு எடுத்தன. நோயாளியின் விவரம் கணினிக்குப் போனது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிந்தது. குறைந்த நேரம் பார்த்தால் சம்பளம் அந்த அளவுக்கே குறையும், மணிக்கூலி அடிவாங்காது. நல்ல சம்பளமுள்ள தொழில்களில் ஆண்-பெண் இடைவெளி மிகக் குறைவாக உள்ளவற்றில் அதுவும் ஒன்று. பெண்களுக்கு நல்லது செய்யலாம் என்று கிளம்பி யாரும் இதைச் செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. வேலையின் அமைப்பு மாறியது, அவ்வளவுதான்.

அதனால் மேலாளரிடம் சலுகை கேட்காதீர்கள். "இந்த ப்ராஜெக்ட்டில் எனக்கு இந்தப் பகுதி வேண்டும், இரவு அழைப்புகளை இன்னாரோடு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறேன்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். மறுப்பதென்றால் காரணத்தை அவர் எழுத வேண்டியிருக்கும்.

உறுத்தலைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. அது உங்கள் கணவருக்கு ஏன் வரவில்லை என்று மட்டும் யோசியுங்கள். நார்வே 1993இல் பெற்றோர் விடுப்பில் அப்பாக்களுக்கென்று நான்கு வாரம் ஒதுக்கியது. அப்பா எடுக்காவிட்டால் அந்த விடுப்பு வீண், அம்மாவுக்கு மாற்ற முடியாது. அதுவரை விடுப்பே எடுக்காத அப்பாக்கள் அப்புறம் கூட்டமாக எடுத்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியே பிரியுங்கள். குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைத்துவருவதில் வாரத்தில் பாதி நாள் அவருடையது. அந்த நாட்களில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதைத் தன் மேலாளரிடம் அவரே சொல்லட்டும். என்ன பதில் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.