விலங்குப் படமும் பச்சை குத்தும் வடிவமும்: வரைந்து சம்பாதிக்க நினைப்பவர்களின் கேள்விகள்

கையால் விலங்குகள் வரைபவர்களும் பச்சை குத்துவதற்கு வடிவம் போட்டுக் கொடுப்பவர்களும் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வரையத் தெரிந்தவர்கள் சிங்கப்பூரில் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். விலை சொல்லத் தெரியாமலும் ஒரு வரி எழுதி வாங்காமலும்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் என் பதில்களில் பணப் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அக்கா, தெரிந்தவர்கள் தங்கள் பூனையை வரைந்து கேட்கிறார்கள். ஏ4 படத்துக்கு 20 வெள்ளி வாங்குகிறேன். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. — வாசகி, தெம்பனிஸ்

அடுத்த படத்துக்கு ஒன்று செய்யுங்கள். முதல் வாட்ஸ்அப் செய்தியிலிருந்து படத்தை உறையில் போட்டுக் கொடுப்பதுவரை ஆகும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆறு மணி நேரம் ஆனதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 வெள்ளி என்று அடக்கமாகப் போட்டாலும் 120. தாள், மை, உறைக்கு 10. ஆக 130 வெள்ளி. இப்போது நீங்கள் வாங்கும் 20 வெள்ளியில் பொருட்செலவு போனால் மணிக்கு இரண்டு வெள்ளிகூடத் தேறாது.

ஒரேயடியாக 130 கேட்கத் தயங்கினால் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ஏ5 அளவில் முகம் மட்டும், பென்சிலில், ஒன்றரை மணி நேரத்தில் முடிவதுபோல் ஒரு சின்னப் படம் வைத்துக்கொள்ளுங்கள். முழு உருவம், வண்ணம் என்றால் வேறு விலை. பாதிப் பணம் பேநௌவில் (கைப்பேசிப் பணமாற்று) வந்த பிறகுதான் பென்சிலை எடுக்க வேண்டும். திருத்தம் எல்லாம் முதல் கோட்டுப்படத்தோடு சரி, மை போட்டபின் கிடையாது என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கு ஒன்று முழுப் பரிசாகக் கொடுங்கள், இல்லையென்றால் முழு விலை வாங்குங்கள். பாதி விலை சொன்னால் அதுவே உங்கள் விலை என்று ஊரெல்லாம் பரவிவிடும்.

காலமும் உங்களுக்கு வசதியாக இருக்கிறது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் உரிமத்தோடு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அதுவரை ஒளித்து வைத்து வளர்த்தவர்கள் இனிமேல் வரவேற்பறையில் படமாகவே மாட்டலாமே.

வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து எடுத்து வளர்த்த பூனைக்குப் பல சமயம் காது நுனி நேராக வெட்டியிருக்கும். கருத்தடை செய்ததற்கு அடையாளம் அது. அழகுக்காக அதைக் கூர்க்காதாக வரைந்துவிடாதீர்கள். மூக்கின் மேலுள்ள மச்சம், மீசை முளைக்கும் புள்ளி வரிசை, ஒரு பக்கம் மட்டும் மடங்கிய காது, இவற்றைப் பார்த்துத்தான் வளர்த்தவர் "இது எங்கள் வீட்டுப் பூனை" என்பார். அவர் காசு கொடுப்பது அதற்குத்தான்.

வயது 19. புலி, பாம்பு, கழுகு எல்லாம் பச்சை வடிவமாக வரைகிறேன். ஃபார் ஈஸ்ட் பிளாசாவில் கடை கடையாகப் போய்க் காட்டினேன். யாரும் வாங்கவில்லை. — வாசகர், ஈசூன்

மனம் தளராதீர்கள் தம்பி. பச்சைக் கலைஞர்களில் பெரும்பாலோர் தாங்களே வரைபவர்கள். அவர்களிடம் வடிவம் விற்கப் போவது சமையல்காரரிடம் சோறு விற்கப் போவதுபோல. உங்கள் வாடிக்கையாளர் கடைக்காரர் இல்லை, பச்சை குத்திக்கொள்ளப் போகிறவர். "பாட்டி வளர்த்த கிளி, என் கைக்குத் தகுந்த மாதிரி" என்று மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் படமாக்க ஆள் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக வரைந்து கொடுங்கள். அதோடு இந்த வடிவத்தை ஒருமுறை உடலில் குத்திக்கொள்ள அனுமதி என்று ஒரு பக்கக் கடிதமும் கொடுங்கள். கலைஞருக்கும் அதைப் பார்த்தால் நிம்மதி.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். கை நன்றாக இருக்கிறது. ஆனால் புலித்தலை நாலு சென்டிமீட்டர்தான், அதற்குள் கன்னத்து ரோமத்தை மயிரிழை மயிரிழையாகப் போட்டிருக்கிறீர்கள். தாளில் அது அழகு. தோலில் மை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் தங்குகிறது. ஆண்டுகள் போகப் போகக் கோடு தடிக்கும். இன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் விட்டிருந்தால், பிற்காலத்தில் அந்த இடம் சாம்பல் திட்டாகிவிடும். புலியின் கண்ணும் கன்னமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

எனவே படத்தைக் குத்தப்போகும் அளவுக்கே நகலெடுத்துச் சுவரில் ஒட்டி, கை நீட்டும் தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். புலி புலியாகவே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோடுகளைப் பாதியாகக் குறையுங்கள். கறுப்புக்குப் பக்கத்தில் வெறும் தோலை விடப் பழகுங்கள். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் எடுக்காது. கெட்டியான கறுப்பும் விட்ட இடமும்தான் பேசும். முன்னங்கை மணிக்கட்டை நோக்கி ஒடுங்குகிறது, அதனால் பாம்பின் சுருளையும் அதற்கேற்ப ஒடுக்குங்கள். காகிதத்தைக் கையில் சுற்றிப் பார்த்தால் உடனே புரியும். ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு தாள் கொடுங்கள். ஒன்றில் சுத்தமான கோடு மட்டும், தோலில் ஒற்றும் அச்சுத்தாளான ஸ்டென்சில் எடுப்பதற்கு. மற்றதில் நிழல். கலைஞர் தன் ஊசிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார். அதற்குக் கோபப்படக் கூடாது.

கடைகளுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். விற்பதற்காகப் போகாமல், கற்றுக்கொள்ளப் போங்கள். ஊசி பிடிக்கும் ஆசை இருந்தால் அதைக் கடையில், மூத்தவர் ஒருவரின் கீழ் பழகுங்கள். கிருமி, ரத்தம் சம்பந்தப்பட்ட வேலை அது. இணையத்தில் ஒரு கருவி வாங்கி வீட்டுப் படுக்கையறையில் நண்பன் கையில் பழகுவது ஆபத்து.

மகள் பச்சை வடிவம் வரைகிறாள். "நம் குடும்பத்துக்கு இது தேவையா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். — ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்

கேட்பவர்களின் பாட்டிமார் கைகளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிராமத்துப் பெண்கள் பலரின் முன்னங்கையில் கோலம்போல் புள்ளியும் வளைகோடுமாகப் பச்சை இருந்தது. தேளும் மயிலும்கூட உண்டு. குறவர் பெண்கள் வீடு வீடாக வந்து குத்தினார்கள். உங்கள் மகள் அந்தக் கோடுகளைத் தேடி வரைந்து சேர்த்தால் அவளுக்கென்று ஒரு பாணி உருவாகும். நான் அவளுக்குச் சொல்ல விரும்புவது அதுதான்.

வாடிக்கையாளர் ஒருவருக்கு இருவாச்சிப் பறவை வடிவம் 150 வெள்ளிக்கு வரைந்து கொடுத்தேன். கையில் குத்திக்கொள்வதாகத்தான் சொன்னார். இப்போது அதே படத்தை டி-சட்டையில் அச்சடித்து விற்கிறார். கேட்டால் "காசு கொடுத்து வாங்கிவிட்டேனே" என்கிறார். — வாசகி, செங்காங்

அவர் வாங்கியது வடிவத்தைக் கையில் குத்திக்கொள்ளும் உரிமை. சட்டையில் அச்சடிக்கும் உரிமையை நீங்கள் விற்கவே இல்லை.

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்துக்கும் பதிப்புரிமை வரைந்தவருக்கே. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் மட்டும் அது முதலாளிக்குப் போகும். இங்கே பதிப்புரிமைக்குப் பதிவும் இல்லை, கட்டணமும் இல்லை. வரைந்த கணத்திலிருந்து உண்டு, வரைந்தவர் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை முழுசாக மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். படத்தைப் பொதுவில் பயன்படுத்தும்போது வரைந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையும் அதே சட்டத்தில் வந்ததுதான்.

முதலில் சண்டை வேண்டாம். அவர் அனுப்பிய செய்திகள், பேநௌ ரசீது, தேதியோடு உங்கள் கோட்டுப்படங்கள், அவர் விற்கும் சட்டையின் படம் எல்லாவற்றையும் சேமியுங்கள். பிறகு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: இதுவரை விற்றதற்கு இவ்வளவு, இனி விற்பதென்றால் சட்டைக்கு இவ்வளவு, இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பலர் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள், ஏனென்றால் பலருக்கு உண்மையிலேயே தெரியாது. இறங்கி வராவிட்டால் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகம் வழியாகச் சட்ட ஆலோசனைக்கு ஏற்பாடு உண்டு, அங்கே போங்கள்.

இனிமேல் ஒவ்வொரு ரசீதிலும் ஒரு வரி சேருங்கள்: "இந்த வடிவம் ஒருவர் உடலில் ஒருமுறை குத்திக்கொள்வதற்கு மட்டும். அச்சு, விற்பனை, மறுபயன்பாட்டுக்குத் தனி அனுமதி தேவை." இந்த வரி இருந்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டி வந்திருக்காது. சட்டைக்கு வேண்டும் என்று நேர்மையாக வந்து கேட்பவருக்கு அதே படத்தை அதிக விலைக்கு மறுபடி கொடுக்கலாம். ஒரு படம் பலமுறை சம்பாதிப்பது அப்படித்தான்.

கூகலில் கிடைத்த நீர்நாய்ப் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தேன். கையால் வரைந்ததுதானே, விற்கலாமா? — வாசகர், பீஷான்

அப்படியே வரைந்திருந்தால் விற்காதீர்கள். கையால் வரைந்தாலும் அது புகைப்படக்காரரின் படைப்பின் நகல்தான்.

பீஷானில் இருந்துகொண்டு நீர்நாய்க்குக் கூகலுக்குப் போவானேன்? எழுபதுகளில் இங்கே காணாமல் போன நீர்நாய் 1998-இல் திரும்பி வந்தது. இன்று உங்கள் பக்கத்துப் பூங்கா ஆற்றிலேயே குடும்பமாக மீன் பிடிக்கிறது. காலையில் ஸ்கெட்ச் புத்தகத்தோடு போங்கள். கரையேறியதும் கவனியுங்கள், ரோமம் தனி இழைகளாக நிற்காது. ஈரத்தில் கற்றை கற்றையாகச் சேர்ந்து நுனி கூர்த்து நிற்கும். அந்தக் கற்றைகளை வரைந்தாலே ஈரம் தெரியும். வால் உருண்டையாக இல்லாமல் நுனிப்பக்கம் தட்டையாக இருக்கும். இணையத்துப் படத்தைப் பார்த்து வரைபவர்கள் தவறவிடும் இடம் அது. அசையாத உருவம் வேண்டுமென்றால் லீ கொங் சியன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போகலாம்.

கோயில் யாளி, பிள்ளையார், மெர்லயன் இவற்றை வரைந்து விற்கலாமா? — வாசகர், பிடோக்

பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும் கட்டடத்தையும் பார்த்து வரைவதைச் சட்டம் அனுமதிக்கிறது. தேக்காப் பக்கத்துச் சுவரோவியங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றை வரைந்தவரிடம் கேட்க வேண்டும். யாளி எனக்கு மிகவும் பிடித்த வடிவம். சிங்கமும் யானையும் சேர்ந்த அந்த உடலைத் தோளில் வளைத்துப் போடலாம், தமிழர் அல்லாதவர்களும் விரும்பிக் கேட்பார்கள். பிள்ளையாரைக் கணுக்காலிலோ இடுப்புக்குக் கீழோ கேட்டால் நான் வரைந்து கொடுப்பதில்லை. தோளுக்கோ நெஞ்சுக்கோ மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்ப்பேன், கேட்காவிட்டால் பணத்தைத் திருப்பிவிடுவேன்.

மெர்லயன் 1964-இல் பயணத்துறைக் கழகத்துக்காக உருவாக்கப்பட்ட சின்னம். அதை வைத்து எதையும் அச்சடிக்கும் முன் கழகத்திடம் கேட்டுவிடுங்கள். சிங்கமும் புலியும் தாங்கி நிற்கும் அரசு முத்திரையை வியாபாரத்துக்குத் தொடவே வேண்டாம்.

அண்ணே, கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன், வொர்க் பெர்மிட். ஞாயிற்றுக்கிழமை தங்குவிடுதியில் மாடு, சேவல், குதிரை வரைவேன். கூட இருப்பவர்கள் காசு தருகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா? — வாசகர், துவாஸ்

நான் பெண், அக்கா என்றே கூப்பிடுங்கள் தம்பி. பதில் கசப்பாக இருக்கும், இருந்தாலும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வாங்காதீர்கள். வொர்க் பெர்மிட்டில் குறித்துள்ள முதலாளிக்கு, குறித்துள்ள வேலையை மட்டும்தான் செய்யலாம். சொந்தமாக எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது. அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி என்று ஆரம்பித்தாலும் அது தொழில்தான். பெர்மிட்டே போய்விடும். பெர்மிட் போனால் ஊரில் உள்ள கடனும் உங்கள் தலையில் நிற்கும்.

வரைவதை மட்டும் நிறுத்தாதீர்கள். நீங்கள் அனுப்பிய சேவல் படத்தில் கழுத்துச் சிலிர்ப்பு ஊர்ச் சண்டைக்களத்தைப் பார்த்தவன் மட்டுமே போடக்கூடியது. ஒவ்வொரு படத்திலும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், நேர்வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து வையுங்கள். பணம் சம்பந்தப்பட்ட எதையும் மனிதவள அமைச்சிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். சார்ந்திருப்போர் அனுமதியில் (டிபெண்டன்ட்ஸ் பாஸ்) இருக்கும் சகோதரிகளும் கவனிக்க வேண்டும்: 2021 மே 1 முதல் உங்களுக்கும் இங்கே வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும்.

பதிவு, வரி எல்லாம் எப்படி? — பலர்

சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு மட்டும் இந்தப் பதில். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரில் தனியாளாக விற்றால் தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. கடைப்பெயர் வைத்தால் பதிய வேண்டும். வீவக வீட்டில் சிறிய அளவில் செய்யலாம். பெயர்ப்பலகை கூடாது, வெளியாட்களை வேலைக்கு வைக்கக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொல்லை கூடாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் வருமானவரி அறிக்கை கொடுக்க வேண்டும், மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் சந்தாவும் கட்ட வேண்டும். தாள் வாங்கிய ரசீதைக்கூட ஐந்து ஆண்டுகள் வைத்திருங்கள். அது உங்கள் செலவுக் கணக்கில் கழியும்.

எட்சியில் விற்பதா, உள்ளூரில் விற்பதா? — வாசகி, ஜூரோங் வெஸ்ட்

எட்சி என்ற இணையச் சந்தையில் ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்கக் காசு, விற்றால் 6.5 விழுக்காடு, பணம் கைக்கு வருவதற்குத் தனிக் கட்டணம். ஐந்து வெள்ளிக்கு வாழ்த்தட்டை விற்பவருக்கு அது கட்டாது. கோப்பாக இறக்கிக்கொள்ளும் பச்சை வடிவத்துக்கு நல்ல இடம், அஞ்சல் செலவே இல்லை. வாழ்த்தட்டைக்கு உள்ளூர்தான். பொங்கல் சமயத்தில் தேக்காப் பக்கம் மாடுகளைக் கொண்டு வந்து கட்டுகிறார்கள், குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மாட்டுப்பொங்கல் அட்டையை மார்கழி தொடக்கத்திலேயே அச்சடித்துக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வாரம் நல்ல வாரம்.

சேமித்து வைத்த படங்களில் பழுப்புப் புள்ளி விழுகிறது. ஏன்? — வாசகர், அங் மோ கியோ

ஈரக்காற்று. சுவரோடு ஒட்டிய அலமாரியிலும் சமையலறைப் பக்கமும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், படங்களுக்கு இடையே அமிலமற்ற தாள். நிறம் மாறிய பொட்டலங்களை மாற்றிவிடுங்கள். விற்கும் முன் ஒவ்வொரு படத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அசல் கையைவிட்டுப் போனபின்னும் அதிலிருந்து அச்சுப்படம் எடுத்து விற்கலாம். மார்க்கர் பேனாவில் போட்ட படமென்றால் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடமும் சொல்லி அனுப்புங்கள், நிறம் வெளுத்துப்போகும்.