பழைய வீட்டுக் கணினிக்குப் பிளாப்பி வழியே மென்பொருள்: கேள்வி பதில்

அமிகா, கொமடோர், ஆப்பிள், அடாரி என்று வெவ்வேறு கணினிகளை வைத்திருப்போரிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எந்தக் கணினியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்த வட்டை எந்தக் கருவி எழுதியது?

கேள்வி: என்னிடம் அமிகா 500 இருக்கிறது. பதிவிறக்கிய ஏ.டி.எஃப் கோப்பை யூ.எஸ்.பி பிளாப்பி டிரைவில் நகலெடுத்து அமிகாவில் இட்டால், டாஸ் வட்டு அல்ல என்று சொல்கிறது. வட்டு பழுதா?

பதில்: வட்டின் மீது பழி இல்லை. ஏ.டி.எஃப் என்பது முழு வட்டின் நகல். அதை ஒரு கோப்பாக வட்டில் வைத்தால் அமிகாவுக்கு அது புரியாது. செக்டர் செக்டராக (வட்டின் ஒவ்வொரு வளையத் தடத்தையும் பிரிக்கும் சிறு துண்டுதான் செக்டர்) எழுதும் நிரலைக் கொண்டு எழுதினாலும் யூ.எஸ்.பி டிரைவில் பலன் இருக்காது. பி.சி.யின் 720 கி.பை. வட்டில் ஒரு தடத்துக்கு 9 செக்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளியும் அடையாளக் குறியும் உண்டு. அமிகாவோ ஒரு தடம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுகிறது. அதனால் அந்த இடைவெளிகள் தேவைப்படாமல் 11 செக்டர்கள் அடங்கிவிடுகின்றன. 80 தடம், 2 பக்கம், 11 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட் என்று பெருக்கினால் 9,01,120 பைட் வரும். உங்கள் கோப்பின் அளவும் சரியாக அதுவாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். யூ.எஸ்.பி டிரைவுக்குள் இருக்கும் சில்லுக்குப் பி.சி. வடிவங்களைத் தவிர வேறெதுவும் தெரியாது. எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது. பழைய பி.சி.யிலிருந்து கழற்றிய 34 முனை கேபிள் டிரைவ் ஒன்றையும், காந்தத் துடிப்புகளை நேரடியாக எழுதவல்ல கிரீஸ்வீசில் பலகை ஒன்றையும் இணைத்துக்கொண்டால் ஒரு வட்டு சில நிமிடங்களில் தயாராகிவிடும்.

கேள்வி: அந்தப் பலகையை வாங்காமல் முடியாதா? சீரியல் கேபிள் என்றால், தரவைப் பெறும் மென்பொருளே அமிகாவில் இல்லையே. கோழியா, முட்டையா என்று ஆகிவிட்டது.

பதில்: முடியும். எனக்கு இந்த வழிதான் மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் வட்டை எழுதுவது அதைப் படிக்கப்போகும் கணினியேதான். ஆனால் அமிகாவின் இயங்குதளமான வொர்க்பெஞ்ச் வட்டு ஒன்றாவது உங்களிடம் இருக்க வேண்டும். மோடம் இல்லாமல் இரு கணினிகளை நேராக இணைக்கும் ‘நல் மோடம்’ (null modem) சீரியல் கேபிளால் அமிகாவையும் பி.சி.யையும் இணைத்து, அமிகாவின் பிரிஃபரன்சஸில் சீரியல் வேகத்தைப் பி.சி.யில் உள்ளதற்குச் சமமாக வைத்து, கட்டளைச் சாளரத்தில் டைப் கட்டளையின் மூலம் சீரியல் சாதனத்தில் வருவதை நினைவகத்தில் ஒரு கோப்பாகச் சேமிக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு கோப்புதான் தரவைப் பெறும் நிரல். அது வந்து சேர்ந்தபின் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். 512 கி.பை. நினைவகத்தில் முழு ஏ.டி.எஃப் அடங்காது என்பதால், பெறுகிற பகுதியை அவ்வப்போது வட்டில் எழுதிக்கொண்டே போகும் நிரலைத் தேர்ந்தெடுங்கள். 19,200 பாட் வேகத்தில் ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 8 நிமிடம், 9,600 என்றால் அதைப் போல் இரு மடங்கு. அமிகா 1000 வைத்திருப்போர் மட்டும் சற்றுப் பொறுங்கள்: அதன் சீரியல் இணைப்பில் சில முனைகளில் மின்சாரம் வருகிறது, சாதாரண கேபிளை அப்படியே செருகிவிடாதீர்கள்.

கேள்வி: 1.44 எம்.பி. அதிக அடர்த்தி வட்டுகள்தான் கைக்குக் கிடைக்கின்றன. ஓட்டையை ஒட்டு நாடாவால் மூடிப் பயன்படுத்தலாமா?

பதில்: அவசரத்துக்குச் செய்யலாம், நம்பி வைத்துக்கொள்ளக் கூடாது. எழுதும் தடைக்கான ஓட்டைக்கு எதிர் மூலையில் இருப்பதுதான் அடர்த்தியைக் காட்டும் ஓட்டை; பி.சி. டிரைவ் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறது. அமிகா 500இன் டிரைவில் அந்த உணரியே இல்லை, ஆகவே அங்கே மூடினாலும் மூடாவிட்டாலும் ஒன்றுதான். 1.44 எம்.பி., 720 கி.பை. என்னும் இரு வகை வட்டுகளின் காந்தப் பூச்சும் வேறு வேறு என்பதால், இன்று நன்றாகப் படிக்கிற வட்டு சில மாதங்களில் பிழை காட்டலாம். ஐந்தேகால் அங்குல வட்டுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. அங்கே அதிக அடர்த்தி வட்டை 360 கி.பை. டிரைவில் முயன்றே பார்க்காதீர்கள்.

கேள்வி: கொமடோர் 64, 1541 டிரைவ். டி64 என்னும் முழு வட்டு நகல் கோப்புகளை வட்டாக்க என்ன வழி?

பதில்: 1541 எழுதும் குறிமுறையும் பி.சி. எழுதுவதும் முற்றிலும் வேறு. அதில் வெளித் தடங்களில் 21 செக்டர், உள்ளே போகப் போக 19, 18, கடைசியில் 17 என்று குறையும். 35 தடங்களிலும் சேர்த்து 683. அடைவுக்கு ஒதுக்கிய 18ஆம் தடத்தைக் கழித்தால் மீதி 664, வெற்று வட்டில் காலியாக இருப்பதாக நீங்கள் பார்க்கும் எண் அதுதான். 1541 தனக்கென ஒரு செயலி வைத்திருக்கும் குட்டிக் கணினி, ஆகவே பி.சி.யில் இன்னொரு டிரைவைத் தேடாமல், சூம்ஃபிளாப்பி போன்ற இணைப்பி மூலம் 1541ஐயே பி.சி.யோடு இணைத்து, ஓபன்சிபிஎம் கருவிகளால் எழுதச் செய்யுங்கள். மெமரி கார்டு வைத்து 1541 போல நடிக்கும் எஸ்.டி.2.ஐ.ஈ.சி. சாதனமும் உண்டு, ஆனால் டிரைவின் செயலிக்குள் தன் நிரலை ஏற்றும் வேக ஏற்றிகள் பல அதில் தடுமாறும்.

கேள்வி: ஆப்பிள் 2ஈ இருக்கிறது. சீரியல் அட்டை இல்லை, ஒரு வட்டுகூட இல்லை.

பதில்: பின்புறம் கேசட் துளைகள் இருக்கின்றனவே, அவை போதும். ஏ.டி.டி.புரோ என்னும் நிரல் வட்டுத் தரவை ஒலியாக மாற்றி அனுப்பும். வட்டு இல்லாமல் டிரைவ் சுழன்றுகொண்டிருக்கும்போது கன்ட்ரோலும் ரீசெட்டும் சேர்த்து அழுத்தினால் பேசிக் வரும். அங்கே லோட் கட்டளை தந்து, பி.சி.யின் ஒலி வெளியீட்டிலிருந்து கேபிள் வழியே ஒலிக்கவிடுங்கள். ஒலி அளவு குறைந்தாலும் கூடினாலும் பிழை வரும், பி.சி.யில் அறிவிப்பு ஒலிகளை அணைத்துவிடுங்கள், நடுவில் ஒரு மணியோசை வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேள்வி: அடாரி எஸ்.டி.?

பதில்: நீங்கள் கொடுத்துவைத்தவர். அது பி.சி.யின் 720 கி.பை. வட்டைப் படிக்கும். வட்டைப் பி.சி.யில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய எஸ்.டி.யில் செய்ததைப் பி.சி. ஏற்காமல் போகலாம்.

கேள்வி: ஐயா, வட்டைப் போட்டதும் கீச்சென்று ஒரு சத்தம், அதன்பின் நல்ல வட்டுகளும் படிக்கவில்லை.

பதில்: உடனே நிறுத்துங்கள், அடுத்த வட்டை உள்ளே விடாதீர்கள். மூன்றரை அங்குல வட்டின் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, நடு வளையத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான வெண்புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி போல வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் பூச்சு உரிந்து அந்த இடத்தில் பிளாஸ்டிக் தெரிகிறது என்று பொருள், அங்கிருந்த தரவு திரும்பாது. உரிந்த பூச்சு இப்போது டிரைவின் ஹெட்டில் ஒட்டியிருக்கிறது. பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஹெட்டைத் துடையுங்கள். மேல் ஹெட்டை உயர்த்தித் துடைக்காதீர்கள், அதன் மெல்லிய தாங்கி வளைந்தால் டிரைவே போய்விடும். என் டிரைவ் ஒன்றை அப்படித்தான் இழந்தேன். பஞ்சில் பழுப்பு நிறம் வராத வரை தொடருங்கள்.

கேள்வி: சில விளையாட்டுகள் இமேஜ் கோப்பிலிருந்து எழுதினால் பாதியில் நிற்கின்றனவே?

பதில்: நகல் தடுப்பு. ஏ.டி.எஃப்பும் டி64உம் வழக்கமான செக்டர்களை மட்டுமே சேமிக்கும். வெளியீட்டாளர் வேண்டுமென்றே வைத்த ஒழுங்கற்ற தடம் அதில் இருக்காது. அத்தகைய தடத்தையும் சேமிக்கும் ஐ.பி.எஃப் (அமிகாவுக்கு) அல்லது ஜி64 (கொமடோருக்கு) வடிவக் கோப்பைத் தேடுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு, பென் டிரைவ் வைத்துப் பிளாப்பி டிரைவ் போல நடிக்கும் கோடெக் (Gotek) சாதனத்தை வைத்துவிட்டால் என்ன?

பதில்: வையுங்கள், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அதனுடன் வரும் ஃபர்ம்வேர் அமிகாவுக்கு உதவாது. ஃபிளாஷ்ஃபிளாப்பி என்னும் மாற்று ஃபர்ம்வேரை ஏற்றியபின், ஏ.டி.எஃப் கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு அப்படியே பயன்படுத்தலாம். கோடெக்கைக் கழற்றிய டிரைவின் இடத்தில் வைக்காமல் இரண்டாம் டிரைவாக இணைத்தால், அதிலிருந்து உண்மையான வட்டுக்கு அமிகாவே நகலெடுத்துக்கொள்ளும்.