முந்நூறு முகங்கள், ஒரே ஓசுகி ரென்

போன இதழில் ஜப்பானியத் துணை நடிகர்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனிதரைப் பற்றியே கேட்டிருந்தன. எனக்கு ரொம்பப் பிடித்த நடிகர் என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: 'ஷின் காட்ஸில்லா'வில் பிரதமராக வருகிறாரே, அந்தப் பெரியவர் யார்? எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறது. பெயர்தான் நினைவுக்கு வரவில்லை.

பதில்: அவர்தான் ஓசுகி ரென். அவர் முகம் பல பேருக்குத் தெரியும், பெயர் தெரியாது. 1951இல் ஷிகோகு தீவின் டோகுஷிமா மாவட்டத்தில் பிறந்தவர். இயற்பெயர் தகாஷி. ஜப்பானியப் பத்திரிகைகள் அவரை 'முந்நூறு முகங்கள் கொண்டவர்' என்று எழுதின. போலீஸ்காரர், யாகுசா என்கிற ஜப்பானிய தாதா, குமாஸ்தா, பாதிரியார், கொலையாளி, அப்பா என்று அவர் போடாத வேஷம் இல்லை.

2016இல் வந்த அந்தப் படத்தை மறுபடி பார்த்தால் ஒரு காட்சியைக் கவனியுங்கள். பிரதமர் ஓக்கோச்சி பத்திரிகையாளர்கள் முன்னால் நிற்கிறார். அந்த உயிரினம் கரையேற வாய்ப்பே இல்லை, மக்கள் பயப்பட வேண்டாம் என்று உறுதி சொல்கிறார். அந்த நேரம் பார்த்து, அது கரையேறிவிட்டது என்ற தகவல் அவர் காதுக்கு வருகிறது. வேறொருவராக இருந்தால் கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து சிரிப்பு வாங்கியிருப்பார். ஓசுகியிடம் அப்படி எதுவும் இல்லை. நம்பிச் சொன்ன ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பொய்யாகிப்போன மனிதரின் தவிப்பு மட்டும்தான் அந்த முகத்தில் தெரியும். சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

கொஞ்சம் தள்ளி இன்னொரு காட்சி. ஹெலிகாப்டர்கள் சுடத் தயாராக நிற்கின்றன. ரயில்வே கேட் அருகே வயதானவர்கள் இன்னும் வெளியேறாமல் இருக்கிறார்கள் என்று தெரியவருகிறது. சுற்றிலும் அமைச்சர்கள் அவர் வாயையே பார்க்கிறார்கள். சுட வேண்டாம் என்கிறார். அந்த முடிவால் பின்னால் எவ்வளவு நாசம் வருகிறது என்பதைப் படம் காட்டுகிறது. ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவர் கோழையாகத் தெரிவதில்லை. எழுத்தில் கேலியாக இருந்த ஒரு பாத்திரத்தை மனிதனாக்கியது அந்த நடிப்புதான்.

கேள்வி: இவ்வளவு அடக்கமாக நடிக்க அவர் எங்கே கற்றுக்கொண்டார்? நாடகத்திலிருந்து வந்தவர்கள் பொதுவாகக் கொஞ்சம் சத்தமாகத்தானே நடிப்பார்கள்?

பதில்: அவர் வந்ததும் நாடகத்திலிருந்துதான். ஆனால் அது பேசாத நாடகம். 1974இல் ஷோகோ ஓட்டா என்பவரின் 'டென்கெய் கெகிஜோ' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழு புகழ்பெற்றதே மௌனத்துக்காகத்தான். 1981இல் அவர்கள் போட்ட 'தண்ணீர் நிலையம்' நாடகத்தில் வசனமே கிடையாது. மேடையில் ஒரு குழாய், அதிலிருந்து மெல்லிய நூலாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். யார் யாரோ வருவார்கள், குடிப்பார்கள், போவார்கள். நடை அத்தனை மெதுவாக இருக்கும். சில அடி தூரத்தைக் கடக்கவே பல நிமிஷம் ஆகும்.

அப்படி நடந்து பாருங்கள், புரியும். அவ்வளவு மெதுவாகப் போகும்போது உடம்பு பொய் சொல்ல முடியாது. தோள் எங்கே இறுகுகிறது, எந்தக் காலில் எடை நிற்கிறது, கண் எதைப் பார்க்கிறது என்று எல்லாமே பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். 1988இல் குழு கலையும்வரை ஓசுகி அங்கேயே இருந்தார். சினிமாக்காரர்கள் அவரிடம் கண்ட 'சும்மா இருக்கும்' திறமை அந்தப் பதினான்கு வருஷ உழைப்பில் வந்தது. இதை எழுதும்போதே எனக்கு அந்தக் குழுவின் மேல் ஒரு நன்றி தோன்றுகிறது.

கேள்வி: அவர் ஆரம்பத்தில் ஆபாசப் படங்களில் நடித்தவராமே? இதை எழுதுவீர்களா, மறைப்பீர்களா?

பதில்: மறைக்க என்ன இருக்கிறது? அவரே மறைக்கவில்லை. ஜப்பானில் 'பிங்க் படங்கள்' என்று ஒரு வகை உண்டு. ஒரு மணி நேரம் சொச்சம் ஓடும், குறைந்த செலவில், சில நாட்களில் எடுத்து முடிப்பார்கள். வயது வந்தோருக்கான தனித் தியேட்டர்களில் ஓடும். 1980லிருந்து ஓசுகி அவற்றில் நடித்தார். நாடகக் குழுவில் பெரிதாக வருமானம் எதிர்பார்க்க முடியாது, குடும்பம் இருந்தது. அந்தத் துறையின் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வேண்டிய காட்சிகளை எடுத்துக் கொடுத்துவிட்டால் மீதிப் படத்தை இயக்குநர் தன் இஷ்டத்துக்கு எடுக்கலாம். பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய யோஜிரோ டகிட்டாவும், கியோஷி குரோசவாவும், மசாயுகி சுவோவும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்தான்.

சுவோவின் முதல் படம் 1984இல் வந்தது. பிங்க் படம்தான், ஆனால் முழுக்க பழைய ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் பாணியில் எடுத்தார். தரையோடு ஒட்டிய கேமரா, நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் ஆட்கள் எல்லாம் உண்டு. அதில் ஓசு படங்களின் நிரந்தர அப்பாவான நடிகர் சிஷு ரியூவை நினைவூட்டும் கிழவர் வேஷம் ஓசுகிக்கு. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான்! அந்தத் தலையசைப்பு, பதில் சொல்லுமுன் வரும் 'ம்ம்', உட்கார்ந்திருக்கும் முதுகு எல்லாவற்றையும் அப்படியே பிடித்திருக்கிறார். ரியூவும் 1953இல் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யில் எழுபது வயது அப்பாவாக நடித்தபோது ஐம்பதைத் தொடவில்லை. ஓசுவைக் கரைத்துக் குடிக்காமல் அந்த வேஷத்தைச் செய்ய முடியாது. இந்தப் பின்னணியில் வந்த வேலையை 'ஆபாசப் படம்' என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: திருப்புமுனை எது?

பதில்: டகேஷி கிட்டானோ. தன் படங்களில் தானே நடிக்கும் இயக்குநர். 1993இல் வந்த 'சொனாட்டினே' படத்தில், ஓகினாவா கடற்கரையில் காத்துக்கிடக்கும் யாகுசா கும்பலில் ஒருவராக நடித்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு கிட்டானோ அவரை விடவேயில்லை. 2017இல் வந்த 'அவுட்ரேஜ் கோடா' வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்.

ஆனால் ஒரே ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் 'ஹனா-பி' என்பேன். 1997இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். ஓசுகி அதில் ஹோரிபே என்ற போலீஸ்காரர். பணியில் சுடப்பட்டு, சக்கர நாற்காலியில் முடங்கிப்போகிறார். மனைவியும் மகளும் விட்டுப் போய்விடுகிறார்கள். கடலைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிறார். அலை ஏறி ஏறி வந்து சக்கரத்தை நனைக்கிறது, அவர் நகர்வதில்லை. அழுவதுமில்லை. பழைய சகாவான நிஷி, அதாவது கிட்டானோ, ஓவியம் வரைய ஒரு பெட்டிச் சாமானும் ஒரு பெரே தொப்பியும் அனுப்பிவைக்கிறார்.

அப்புறம் வருகிறது பூக்கடைக் காட்சி. கடை வாசலில் நாற்காலியை நிறுத்திவிட்டுப் பூக்களைப் பார்க்கிறார். ஒரு பூ, அவர் முகம், பூவையே தலையாகக் கொண்ட ஒரு மிருகத்தின் ஓவியம், மறுபடி அவர் முகம் என்று படம் மாறி மாறிப் போகிறது. அந்த ஓவியங்கள் கிட்டானோவே வரைந்தவை. 1994இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் முகம் சிதைந்து பிழைத்து வந்த பிறகு அவர் கையில் எடுத்தது தூரிகையைத்தான். ஆக, இயக்குநர் தன் சொந்தக் காயத்தைத் தூக்கி இன்னொரு நடிகரின் முகத்தில் வைத்திருக்கிறார். எவ்வளவு நம்பிக்கை இருந்தால் அது நடக்கும்! ஓசுகி அங்கே செய்வது என்ன? பார்க்கிறார், அவ்வளவுதான். சாக நினைத்த ஒருவன் மறுபடி எதையோ விரும்பத் தொடங்குவது அந்தப் பார்வையில் தெரிகிறது. ஜப்பானில் துணை நடிகருக்கான விருதுகள் அவருக்குக் குவிந்தது இந்தப் படத்துக்காகத்தான்.

கேள்வி: நல்ல நடிகர் சரி. ஆனால் கிடைத்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு மட்டமான படங்களிலும் நடித்திருக்கிறாரே?

பதில்: உண்மைதான். தொண்ணூறுகளில் தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோவில் வெளியான யாகுசா படங்கள் ஏராளம், அவற்றில் பலவற்றில் இருக்கிறார். பெரிய கம்பெனிப் படம், பெயரில்லாத புது இயக்குநரின் படம் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. கதாநாயகனுக்கு ஒரு படம் ஓடாவிட்டால் சந்தை போகும், அதனால் கணக்குப் போடுகிறான். துணை நடிகனுக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் வாழ்க்கை. இன்று பிரதமர், நாளை ஒரே காட்சியில் வந்துபோகும் ஆள். ஓசுகி இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுத்தார். படம் மட்டமாக இருந்தாலும் அவர் வரும் அந்த ஐந்து நிமிஷம் மட்டமாக இருக்காது. நான் பார்த்தவரையில் சொல்கிறேன்.

கேள்வி: டிவியில் நடித்திருக்கிறாரா?

பதில்: நிறைய. ஆனால் பார்க்க வேண்டியது 'பைப்ளேயர்ஸ்'. 2017 ஜனவரியில் டிவி டோக்கியோவின் நள்ளிரவு நேரத்தில் தொடங்கியது. பேர்போன ஆறு துணை நடிகர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கதை. ஓசுகி, கெனிச்சி எண்டோ, டோமோரோவோ டகுச்சி, சுசுமு தெராஜிமா, யுதகா மாட்சுஷிகே, கென் மிட்சுஇஷி ஆகிய ஆறு பேரும் அவரவர் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். ஆளுக்கு ஆள் கோபதாபம், பொறாமை, சமையல் தகராறு எல்லாம் உண்டு. 'தனிமைச் சாப்பாட்டுக்காரர்' தொடரில் மாட்சுஷிகே வந்தது நினைவிருக்கலாம். ஐம்பதை நெருங்கும் வயதில்தான் அவருக்கு அந்த முதன்மை வேஷமே கிடைத்தது. வாழ்நாள் முழுக்க யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து நடுவில் வந்து நிற்கிற தொடர் அது. ஆறு பேரில் வயதில் மூத்தவர் ஓசுகி. திரையில் அவர்தான் எல்லாரையும் கட்டிக் காக்கிறவர்.

கேள்வி: அந்தத் தொடர் நடக்கும்போதே இறந்துவிட்டாராமே?

பதில்: ஆமாம். 2018 பிப்ரவரியில் இரண்டாவது பருவம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை ஐந்து பேர்தான், தெராஜிமா இல்லை. ஆள் இல்லாத தீவில் மாட்டிக்கொள்கிற கதை. பிப்ரவரி 20 அன்று சிபா மாவட்டத்தில் ஷூட்டிங் முடிந்து தங்கும் இடத்துக்குத் திரும்பியவருக்கு வயிற்றுவலி வந்தது. மாட்சுஷிகே கூடவே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன் இதயம் செயலிழந்து இறந்துபோனார். வயது 66. குடும்பத்தாரோடு அந்த நாலு சக நடிகர்களும் கடைசிவரை பக்கத்தில் இருந்தார்கள்.

அன்று புதன்கிழமை, தொடர் ஒளிபரப்பாகும் நாள். அன்றிரவு மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது. கடைசிப் பகுதியின் ஷூட்டிங் முடிந்திருக்கவில்லை. கதையைத் திருத்தி எழுதி, ஓசுகி ஏற்கெனவே நடித்து வைத்திருந்த காட்சிகளோடு சேர்த்து முடித்தார்கள். அந்த நாலு பேரும் கேமரா முன் மறுபடி எப்படித்தான் போய் நின்றார்களோ. வேறொருவரை வைத்து ஒப்பேற்றாமல், அவர் இடத்தை அவருக்கே விட்டு முடித்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: சினிமா தவிர அவருக்கு வேறு என்ன பிடிக்கும்?

பதில்: கால்பந்து. சொந்த ஊர் அணியான டோகுஷிமா வோர்டிஸின் தீவிர ரசிகர். கிட்டாரும் வாசிப்பார்.

கேள்வி: எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்? நாலு படம் சொல்லுங்கள்.

பதில்: முதலில் 'ஹனா-பி'. ஆனால் மனம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து உட்காருங்கள். அடுத்து 1997இல் வந்த 'க்யூர்'. கியோஷி குரோசவாவின் படம், ஓசுகிக்குச் சின்ன வேஷம்தான். சின்ன வேஷத்தில் அவர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ள அது போதும். அதே வருஷம் சாபு இயக்கிய 'போஸ்ட்மேன் ப்ளூஸ்'. அதில் அவர் ஒரு வாடகைக் கொலையாளி, அந்த ஆளை உங்களுக்குப் பிடித்துப்போகும்.

கடைசியாக 'கியோகைஷி'. அவர் இறந்த பிறகு 2018 அக்டோபரில் வெளியானது. அவர் தயாரிப்பிலும் பங்கெடுத்த முதல் படம், கதாநாயகனாக நடித்த கடைசிப் படம். தூக்குத் தண்டனைக் கைதிகளைச் சிறையில் சந்தித்து ஆறுதல் சொல்லும் பாதிரியார் வேஷம். படத்தின் பெரும்பகுதி ஒரே அறைக்குள், ஒரு மேஜைக்கு இருபக்கமும் நடக்கிறது. கைதிகள் ஆறு பேர். ஒருவர் வாயே திறப்பதில்லை, ஒருவர் ஓயாமல் பேசுகிறார், ஒருவர் அவரையே மடக்கிக் கேள்வி கேட்கிறார். பாதிரியாருக்குப் பதில் தெரியாத இடங்கள் நிறைய வருகின்றன. அந்த இடங்களில் வசனத்தைப் படிப்பதை விட்டுவிட்டு ஓசுகியின் முகத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.