காற்றின் வேகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் தூசி உறிஞ்சும் டக்டின் (காற்று செல்லும் பெரிய குழாயின்) விட்டம் 500 மில்லிமீட்டர். வளைவை அடுத்துள்ள துளையில் பிட்டாட் குழாயை (காற்றின் அழுத்த வேறுபாட்டை அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிட உதவும் மெல்லிய குழாயை) செருகி நடுவில் அளந்தபோது, வினாடிக்கு 14 மீட்டர் வேகம் கிடைத்தது. அதைக் குறுக்குப் பரப்பால் பெருக்கினால், ஃபேன் தரக்கூடிய அளவைவிட மிகுதியாக வருகிறது. கருவி பழுதாகிவிட்டதா?

பதில்: கருவியைவிட, அளந்த இடத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன். சுவரை ஒட்டிய காற்று உராய்வால் தளர்ந்துவிடுவதால், நீண்ட நேரான டக்டில்கூடச் சராசரி வேகம் நடுப்புள்ளி வேகத்தில் ஏறத்தாழ 0.8 முதல் 0.9 மடங்குதான் இருக்கும். வளைவைக் கடந்தவுடனோ, காற்று வெளிப்புறச் சுவரின் பக்கம் ஒதுங்கி, உட்புறத்தில் சுழல்களை விட்டுச் செல்வதால், எந்த ஒரு புள்ளியும் முழுக் குறுக்குப் பரப்புக்கும் சான்றாகாது.

வளைவு, டேம்பர் (காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தும் தகடு) போன்ற தடைகளுக்குப் பின்னால் விட்டத்தைப் போல் 8 மடங்கும், அடுத்த தடைக்கு முன்னால் 2 மடங்கும் நேரான நீளம் உள்ள இடமே நல்லது. தங்கள் டக்டுக்கு அது முறையே 4 மீட்டரும் 1 மீட்டரும் ஆகும். அங்கே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு துளைகளிட்டு, ஒவ்வொரு விட்டத்திலும் 10 புள்ளிகளில் அளக்க வேண்டும். டக்டைச் சம பரப்புள்ள வளையங்களாகப் பிரிப்பதால் புள்ளிகள் சுவரருகே நெருங்கி அமையும்: இரு சுவர்களிலிருந்தும் 13, 41, 73, 113, 171 மில்லிமீட்டர். குழாயின் மூக்கு காற்றோட்டத்தை நேராக எதிர்நோக்கியிருப்பது முக்கியம்.

கணக்கிடும்போது பலரும் தவறுவது அழுத்தங்களைச் சராசரி எடுப்பதில்தான். வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வோர் அழுத்தத்தையும் வேகமாக மாற்றிய பிறகே சராசரி காண வேண்டும். 16, 100 பாஸ்கல் என்னும் இரு அளவுகளில் அழுத்தத்தைச் சராசரியாக்கினால், வேகம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடிவிடும். வெப்பநிலையையும் மறக்கலாகாது. 150 டிகிரி செல்சியஸ் காற்றின் அடர்த்தி, 20 டிகிரி காற்றினுடையதில் சுமார் 70 விழுக்காடே. அதைத் திருத்தாவிட்டால் உண்மை வேகத்தைவிடச் சுமார் 17 விழுக்காடு குறைவாகக் காட்டும்.

தூசி மிகுந்த டக்டில் பிட்டாட் குழாயின் நுண்துளைகள் அடைபடும். பெரிய வாய் கொண்ட எஸ் வகைக் குழாய் அங்கே ஏற்றது; ஆனால் அதன் குணகம் (கணக்கிட்ட வேகத்தைப் பெருக்க வேண்டிய திருத்த எண்) பெரும்பாலும் 0.84 அளவில் இருக்கும் என்பதால், அதைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கேள்வி: வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தையும் பிட்டாட் குழாயால் அளக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த வேகத்தில் அழுத்த வேறுபாடு சுமார் 2.4 பாஸ்கல்தான், அந்த வேறுபாட்டைக் காட்டும் மேனோமீட்டர் 1 பாஸ்கல் கூடுதலாகக் காட்டினாலே வேகம் 19 விழுக்காடு பிழையாகும். அதே பிழை 14 மீட்டர் வேகத்தில் அரை விழுக்காட்டையும் எட்டாது. குறைந்த வேகத்துக்கு, சூடான கம்பியைக் காற்று குளிர்விப்பதைக் கொண்டு வேகத்தை அறியும் சூடான கம்பி அனிமோமீட்டரையே பயன்படுத்துங்கள். தூசி படிந்த கம்பி தவறாகக் காட்டும் என்பதால், அதைத் தூய காற்றில் மட்டும் வையுங்கள்.