பேசாமல் ஊருக்கு வந்துவிடலாமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி நான். பிசியோதெரபி முடித்து, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய் வேலை பார்த்தேன். இப்போது பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு சுவீடனில் உள்ள உமேயோ பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறேன். செப்டம்பரில் வந்தேன், இது நவம்பர். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வகுப்பு. ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம், நாக்கு எழவில்லை. ஒருநாள் துணிந்து பேசினேன். எதிரே இருந்த மாணவி வெடுக்கென்று மூச்சை உள்ளே இழுத்தாள். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நிறுத்தியவள்தான், அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அம்மாவோ, “நோயாளியையே பார்க்காமல் அங்கே என்னம்மா படிப்பு?” என்கிறார். பேசாமல் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

வர வேண்டாம். ஜனவரி நடுவில் செமஸ்டர் முடியும்வரை அங்கேயே இருங்கள்.

முதலில் அந்த மூச்சு விஷயம். வட சுவீடனில், அதிலும் உமேயோ பக்கத்தில், ‘ஆமாம்’ என்பதையே அப்படித்தான் சொல்வார்கள். உதட்டைக் குவித்துச் சட்டென்று காற்றை உள்ளே இழுப்பார்கள். நம்மூரில் கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுகிறோமே, அந்த மாதிரி. அந்தப் பெண் நீங்கள் சொன்னதை ஆமோதித்திருக்கிறாள், அவ்வளவுதான். முடிந்தால் அவளிடமே போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஒரு சிநேகிதி கிடைக்கலாம்.

ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒரு கதை உண்டு. தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியைப் பத்து அடுக்காகப் பிரித்து ‘ரெக்ஸெட் லாமினா’ என்று படித்திருப்பீர்களே, அந்த ப்ரூர் ரெக்ஸெட்தான் கதாநாயகர். 1967-இல் சுவீடன் அரசின் மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்தபோது, ஊழியர்கள் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கப் போகிறேன், நீங்களும் என்னை அப்படியே அழையுங்கள் என்று அறிவித்தார். அதுவரை அங்கேயும் பட்டம், பதவி சொல்லிப் பேசுகிற வழக்கம்தான். அது மாறியதற்கு அடையாளமாக இன்றும் ரெக்ஸெட்டைத்தான் சொல்வார்கள். எனவே பெயர் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் ஆரம்பியுங்கள். எழுதி எழுதிப் பழகிவிட்டால் வாயிலும் வந்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்க, எல்லாம் தெரிந்தவர்கள் நடுவே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஊர் எது என்று பாருங்கள். உமேயோ இருக்கும் வெஸ்டர்பொத்தன் பகுதியில்தான் 1980-களில் சுவீடனிலேயே அதிகம் பேர் இதய நோயால் இறந்தார்கள். அதைத் தடுக்க 1985-இல் நூர்ஷோ என்ற சின்ன ஊரில் ஒரு திட்டம் தொடங்கி, பிறகு பகுதி முழுக்கப் பரவியது. 40, 50, 60 வயதாகும்போது ஒவ்வொருவருக்கும் அழைப்பு வரும். சுகாதார மையத்துக்குப் போனால் ரத்த அழுத்தம், கொழுப்பு பார்த்து, குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையும் பார்ப்பார்கள். சாப்பாடு, புகை, உடலுழைப்பு பற்றி நீளமான கேள்வித்தாள் உண்டு. அப்புறம் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார். சம்மதிப்பவர்களின் ரத்த மாதிரி ஆய்வுக்காகச் சேமிக்கப்படுகிறது.

நீங்களும் இதே ரத்த அழுத்தம், சர்க்கரைக்காகத்தான் வேலை பார்த்தீர்கள், ஆனால் நேர் எதிர்த் திசையிலிருந்து. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய நம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வாசலுக்கே மாத்திரை கொண்டுபோகிறார். பக்கவாதம் வந்து படுத்தவருக்குக் கையைக் காலை அசைக்கச் சொல்லித்தர உங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்ட் வண்டியில் வருகிறார். 2024-இல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. அங்கே அழைப்பு போகிறது, மக்கள் வருகிறார்கள். இங்கே மக்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போகிறோம். இரண்டிலும் யாரோ விடுபடுகிறார்கள். பகலில் நீங்கள் கதவைத் தட்டியபோது எத்தனை வீட்டில் ஆண்கள் இருந்தார்கள்? கொத்து வேலைக்கும் லோடு ஏற்றவும் போனவருக்குப் பிரஷர் இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்? பணியிடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் திட்டம் நம்மிடம் 2024-இல்தான் வந்தது. அப்படியானால் அழைப்பு வந்தும் வராத வெஸ்டர்பொத்தன்காரர் யார்? அவரை எப்படித் தேடுகிறார்கள்?

அடுத்த வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். வாசல் வாசலாக நின்று வந்தவருக்குத்தான் இது சட்டென்று தோன்றும். முதல்நாளே இரண்டு வரி எழுதி வைத்துக்கொண்டு, விவாதம் தொடங்கிய சில நிமிடங்களுக்குள் கையைத் தூக்கிவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம்தான் கூடும். உங்கள் ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. குறுக்கே பேசாமல், நீங்கள் முடிக்கும்வரை காத்திருக்கும் மக்கள் அவர்கள். ஆனால் நீங்களாகப் பேசாவிட்டால், பேசு பேசு என்று யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள்.

வகுப்பு குறைவு என்பதைப் பற்றி: சுவீடன் கணக்கில் ஒரு வாரம் என்பது 40 மணி நேரப் படிப்பு, அதற்கு 1.5 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு). ஒரு செமஸ்டருக்கு 30. வகுப்பறையில் இருப்பது அதில் சின்னப் பங்குதான், மீதியை நூலகத்திலும் குழு வேலையிலும் நீங்களாக நிரப்ப வேண்டும். பெரும்பாலும் ஒரு பாடம் முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். அதனால் ஒரு வாரம் சும்மா போனாலும் அந்தப் பாடத்தில் பெரிய ஓட்டை விழுந்துவிடும்.

இருட்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பரில் இரண்டு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலை பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் வெளியே வந்து நடந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மேகமாக இருந்தாலும் சரி. அறையில் தனியாகச் சாப்பிடுவதைக் குறைத்துப் பொதுச் சமையலறையில் எல்லாரோடும் உட்காருங்கள். இதையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்துக்குப் போங்கள். பேசத் தயங்குபவர்களுக்கு என்ன உதவி இருக்கிறது என்றும் அங்கேயே கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 1177, அவசரத்துக்கு 112. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நிலையில் மருத்துவர் ஊருக்குப் போகச் சொன்னால் தயங்காமல் கிளம்பி வாருங்கள், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அங்கே சிகிச்சை தர அந்த நாட்டு உரிமமும் மொழியும் வேண்டும், பரிமாற்ற மாணவிக்கு அதற்கு வழியில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அதே நேரம், சுகாதார மையம் ஒன்றுக்கு ஒருநாள் பார்வையாளராகப் போக ஏற்பாடு செய்ய முடியுமா என்று உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். அந்தச் செவிலியர் எப்படிப் பேசுகிறார், எவ்வளவு நேரம் காது கொடுக்கிறார் என்று பார்த்து அன்றைக்கே எழுதி வையுங்கள். அம்மாவிடம் சொல்லவும் ஒரு விஷயம் கிடைக்கும்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது இதில்தான். வந்த பிறகு ஏதாவது பாடத்தை மாற்றியிருந்தால், என்னென்ன பாடம் படிப்பீர்கள் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தப் படிவத்தைத் திருத்தி இரண்டு பல்கலைக்கழகங்களின் கையெழுத்தையும் இப்போதே வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் இறக்கிச் சேமித்து வையுங்கள். இங்கே கிரெடிட்டைக் கணக்கில் சேர்க்கும்போது அந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.