தியானம் செய்தால் கோபம் அதிகமாகுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயது. வீடு டோம்பிவிலி, வேலை ஃபோர்ட்டில். தூக்கம் சரியில்லை என்று சொன்னதற்கு ஆபீஸ் தோழி, மூச்சைக் கவனிக்கும் பௌத்த தியானத்தைச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு மாதமாக, வீடு திரும்பியதும் எட்டரை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் உட்காருகிறேன். மனசு ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. அதைவிட மோசம், எழுந்து வந்ததும் பிள்ளைகள் மேலும் அவர் மேலும் எரிந்து விழுகிறேன். முன்பு இவ்வளவு கோபம் கிடையாது. மாமியாரோ, "நமக்கு முருகன் இருக்கான், புத்தர் எதுக்கு" என்கிறார். விட்டுவிடட்டுமா, இல்லை இகத்புரி தியான மையத்துக்குப் போய் பத்து நாள் முகாமில் உட்கார்ந்துவிட்டு வரட்டுமா?
- வாசகி, டோம்பிவிலி

பதில்: தங்கச்சி, விட வேண்டாம். இகத்புரிக்கு உடனே ஓடவும் வேண்டாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், மதியம் ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்து சாப்பிட்ட பிறகு எட்டரை வரை வயிற்றுக்கு என்ன போயிருக்கும்? ஒரு கட்டிங் சாய், இரண்டு பிஸ்கட். லோக்கல் ரயிலில் நாலாவது சீட்டில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, அந்தப் பசியோடு உட்கார்ந்தால் மூச்சா தெரியும்? குக்கர் வைக்கணுமே என்பதுதான் தெரியும். வெளியே பிள்ளைகளும் அம்மா எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டிருக்கும்.

புத்தரின் வாக்குகளைத் தொகுத்த தம்மபதத்துக்கு எழுதிய உரையில் ஒரு சம்பவம் வருகிறது. ஆளவி என்ற ஊரில் புத்தர் பேசப்போகிறார் என்று எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள், அவரோ வாயைத் திறக்கவில்லை. காணாமல் போன மாட்டைத் தேடிப் போயிருக்கும் ஓர் ஏழை விவசாயிக்காகக் காத்திருக்கிறார். அவன் களைத்துப்போய் வந்து சேர்ந்ததும், மீதி உணவு இருக்கிறதா என்று கேட்டு அவனைச் சாப்பிட வைத்து, அப்புறம்தான் பேசவே ஆரம்பிக்கிறார். பசிதான் பெரிய நோய் என்று அங்கே சொல்கிறார். நம் மணிமேகலை அமுதசுரபியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் இந்தப் பசிப்பிணிக்காகத்தானே. அதனால் சாயங்காலம் ரயில் ஏறும் முன் ஒரு வாழைப்பழமோ, ஒரு கை வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். தியானத்தைக் காலைக்கு மாற்றிவிடுங்கள், வீடு எழுந்திருக்கும் முன் பத்து நிமிடம் போதும்.

சரி, கோபம். மணிமேகலையின் கடைசிக் காதையில், காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில், பேதைமையில் ஆரம்பித்து ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் பன்னிரண்டு நிதானங்கள், அதாவது காரணங்கள், உண்டு. நடுவில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நாலும் அடுத்தடுத்து வரும். பையன் டப்பாவைக் கழுவாமல் போட்டிருக்கிறான், உங்கள் கண்ணில் படுகிறது, அது ஊறு, அதாவது தொடுகை. நெஞ்சில் சுருக்கென்று ஒரு சூடு, அது நுகர்வு. கத்தணும் என்று உள்ளே எழும்புவது வேட்கை. ராத்திரி பதினொரு மணிக்கும் அதையே நினைத்துத் தூங்காமல் கிடப்பது பற்று. நமக்கு இந்த நாலும் ஒரே கட்டாக வந்து விழுகின்றன. அந்தச் சூட்டுக்கும் கத்தலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்து பழகுகிறோம். இப்போது உங்களுக்குச் சூடு தெரிய ஆரம்பித்திருக்கிறது, இடம் இன்னும் தெரியவில்லை. கோபம் கூடிவிட்ட மாதிரி தோன்றுவது அதனால்தான் என்று நினைக்கிறேன். மனசு ஓடுவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஓடியது தெரிந்து மூச்சுக்குத் திரும்புகிறீர்களே, அதுதான் பயிற்சி. நாற்பது தடவை ஓடினால் நாற்பது தடவை பழகியாச்சு.

இகத்புரியில் நான் முதல் தடவை உட்கார்ந்ததைச் சொல்கிறேன். முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சு மட்டும். நாலாம் நாள் விபஸ்ஸனா, அதாவது உடம்பில் எழும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பயிற்சி, தொடங்கியபின் தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். எனக்கு வலது முட்டி நெருப்பாய் எரிந்தது, அதோடு சேர்ந்து பல வருஷமாய்ப் பேச்சு விட்டுப்போன என் அண்ணன் மேல் இருந்த கோபமும் வந்தது. அழுதுவிட்டேன். எழுந்து நடந்ததும் முட்டி வலி போயே போய்விட்டது. அண்ணன் மேல் கோபம் போகவில்லை, ஆனால் அது உடம்பில் எங்கே வந்து உட்காருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொண்டைக்குக் கொஞ்சம் கீழே. இன்றைக்கும் அங்கே இறுகினால், போனை எடுக்கும் முன் இரண்டு மூச்சு பார்த்துக்கொள்கிறேன்.

மாமியாரிடம், இகத்புரி மையத்தை நிறுவிய கோயங்காவைப் பற்றிச் சொல்லுங்கள். பர்மாவில் பிறந்தவர், பக்தியான இந்துக் குடும்பம், வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்காகத்தான் 1955ல் பர்மாவின் தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனார், நம் மதம் என்ன ஆகுமோ என்று தயங்கித் தயங்கித்தான் போனார். 1969ல் இந்தியா வந்து அவர் நடத்திய முதல் பத்து நாள் முகாமும் இதே மும்பையில்தான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முகாம் நடக்கும் பத்து நாளும் பூஜை, ஜபம், மாலை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள், போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். கட்டணம் கிடையாது, முன்பு உட்கார்ந்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஆறு மாதம் காலையில் பழகுங்கள், பிறகு உங்கள் வீட்டுக்காரர் லீவு போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக்கூடிய மாதமாகப் பார்த்துப் போங்கள். இடையில் தூக்கமின்மை இன்னும் மோசமானாலோ, மனசு ரொம்ப இருட்டாக இருந்தாலோ டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: சகோதரி, வயது 67. தினமும் தியானம் செய்கிறேன், மனம் அமைதியாக இருக்கிறது. பி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாமா? தரையில் சம்மணம் போட்டு உட்காரவும் முடியவில்லை.
- வாசகர், மாட்டுங்கா

பதில்: ஐயா, மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. மனம் அமைதியாக இருக்கும்போதும் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், அது வெளியே தெரியாது. அளந்து பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். சம்மணம் கட்டாயமே இல்லை, நாற்காலியில் உட்காருங்கள், முதுகு மட்டும் நிமிர்ந்திருந்தால் சரி. சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உபதேசத்தில் நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது என நாலு நிலையிலும் கவனம் வைக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. காலையில் அங்கே நடக்கும்போது பேச்சுத் துணை இல்லாமல் ஒரே ஒரு சுற்று, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்துக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். மீதிச் சுற்றுகளை நண்பர்களோடு பேசிக்கொண்டே நடக்கலாம்.